பொதுப்பகை ஒழிந்த பின்: போர்க்காலத் துணைவர் பகைவரான வரலாறு

பொருளும் எல்லையும்

ஒரு பெரும்போரில் ஒரே அணியில் நின்று வென்ற அரசுகள், அவ்வெற்றியின் ஆரவாரம் அடங்குவதற்கு முன்னரே ஒன்றையொன்று முதற்பகையாகக் கருதத் தொடங்குவது உலக வரலாற்றில் ஒருமுறை மட்டும் நேர்ந்தது அன்று. 1945இல் செருமனியை வீழ்த்திய அமெரிக்காவும் சோவியத் ஒன்றியமும் ஐந்தாண்டுகளுக்குள் உலகத்தை இரு பாசறைகளாகப் பிரித்துக்கொண்டது இதற்குப் பெயர்பெற்ற சான்றாக இருப்பினும், அதற்கு ஏறத்தாழ இருநூறு ஆண்டுகளுக்கு முன்னரே, காவிரிக்கரையில் தொடங்கிப் பெண்ணையாற்றுப் படுகை வரை பரவிய ஒரு நீண்ட போர்த்தொடர் அதே நாடகத்தைத் தமிழ்நிலத்தில் நடத்திக் காட்டியிருக்கிறது. ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கும்பினியும் மைசூர் அரசும் முதலில் ஒரே அணியில் நின்றவை. பின்னர் அரை நூற்றாண்டுக் காலம் தென்னிந்தியாவின் தலைமைக்காக மோதியவை. திருக்கோவிலூர், தியாகதுருக்கம், திருவண்ணாமலை, செங்கம் ஆகிய ஊர்கள் அம்மோதலின் நடுவழியில் அமைந்திருந்தன என்பதால், இப்பொருளை ஆராய்வதற்குத் திருக்கோவிலூர் பொருத்தமற்ற இடம் ஆகாது.

கூட்டணி என்னும் சொல் இங்குப் போர்க்காலத் துணை என்ற பொருளிலேயே ஆளப்படுகிறது. ஒருவருக்கொருவர் அன்போ ஒத்த கொள்கையோ இல்லாத அரசுகளும் ஒரு பொதுப்பகையின் காரணமாகச் சேரக்கூடும். அவ்வாறு சேர்ந்தவை அப்பகை ஒழிந்த பின் என்னவாகின்றன, ஏன் அவ்வாறு ஆகின்றன என்பதே இச்சொற்பொழிவின் வினா.

பழந்தமிழ் நிலத்தின் முன்னுதாரணங்கள்

திருக்கோவிலூர் சங்க காலத்தில் மலையமான்களின் ஊராக விளங்கியது. கடையெழு வள்ளல்களுள் ஒருவனாகிய மலையமான் திருமுடிக்காரி, சேரனுக்குத் துணையாக நின்று கொல்லிமலைத் தலைவன் ஓரியைக் கொன்று அம்மலையைச் சேரனுக்கு அளித்தான் என்று சங்க இலக்கியம் தெரிவிக்கிறது. மூவேந்தருள் எவராயினும் தமக்குத் துணையாகுமாறு அவனைப் புகழ்ந்து வேண்டி, அதற்கு ஈடாகப் பொருள் அனுப்பினர் என்று கபிலர் பாடியிருப்பதும், அவனுடைய கோவலூரை அதியமான் நெடுமான் அஞ்சி போரிட்டு வென்றதும், அந்த அதியமானின் தகடூரைப் பின்னர்ச் சேரமான் பெருஞ்சேரல் இரும்பொறை அழித்ததும் ஒன்றாக வைத்து எண்ணத்தக்கவை. பெரிய அரசுகளுக்கு இடையே அமைந்த ஒரு சிறிய நிலத்தின் தலைவனுக்கு அவனுடைய துணையே செல்வமாகவும் அதுவே இடராகவும் இருந்தது என்பதை இந்நிகழ்ச்சிகள் காட்டுகின்றன.

ஒன்பதாம் நூற்றாண்டின் இறுதிப் பகுதியில் கும்பகோணத்துக்கு அருகிலுள்ள திருப்புறம்பியத்தில் நடந்த போர் இன்னும் நேரான சான்று. பாண்டியன் இரண்டாம் வரகுணனுக்கு எதிராகப் பல்லவன் அபராசிதனும், அவனுக்குத் துணையாகச் சோழன் முதலாம் ஆதித்தனும், கங்க மன்னன் முதலாம் பிரிதிவீபதியும் ஓரணியில் நின்றனர், கங்கன் களத்தில் மடிந்தான், பாண்டியன் தோற்றான். ஆனால் அந்த வெற்றியால் வலிமை பெற்ற ஆதித்தன், சில ஆண்டுகளுக்குள் அபராசிதனையே வென்று தொண்டைமண்டலத்தைச் சோழ நாட்டோடு சேர்த்துக்கொண்டான். பாண்டியன் என்னும் பகை இருந்தவரை பல்லவனுக்குத் தேவையாயிருந்த சோழன், அப்பகை நீங்கியதும் பல்லவனுக்கு அடுத்த பகையானான்.

திருச்சிராப்பள்ளி: வாக்குறுதி ஒன்று, பொருள் இரண்டு

பதினெட்டாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் ஆர்க்காட்டு நவாபு பதவிக்காக எழுந்த உரிமைப்போரில் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் எதிரெதிர் அணியில் இறங்கினர். இப்போர்த்தொடர் கருநாடகப் போர்கள் எனப்படுகிறது. இங்குக் கருநாடகம் என்பது இன்றைய மாநிலத்தைக் குறிக்காமல், ஆர்க்காட்டு நவாபுகளின் ஆட்சிக்குட்பட்டிருந்த தமிழ்நாட்டுக் கிழக்குச் சமவெளியையே பெரும்பாலும் குறிக்கும். 1749இல் ஆம்பூர்ப் போரில் நவாபு அன்வருத்தீன் கொல்லப்பட்டதும் அவருடைய மகன் முகமது அலி திருச்சிராப்பள்ளிக் கோட்டையில் அடைக்கலம் புக, பிரெஞ்சுக்காரரின் துணைபெற்ற சந்தா சாகிபு அக்கோட்டையை முற்றுகையிட்டார்.

ஆங்கிலேயரின் துணை மட்டும் போதாது என்று உணர்ந்த முகமது அலி மைசூரை நாடினார். அப்போது மைசூரில் இரண்டாம் கிருஷ்ணராச உடையார் பெயரளவில் அரசராயிருக்க, அதிகாரம் தேவராசர், நஞ்சராசர் என்னும் உடன்பிறந்தார் இருவரிடம் இருந்தது. படையோடு வந்து உதவினால் திருச்சிராப்பள்ளியையும் அதைச் சார்ந்த சீமையையும் தருவதாக நவாபு அளித்த வாக்கை நம்பி நஞ்சராசர் பெரும்படையுடன் வந்தார். குத்தி நகரை ஆண்ட மராட்டியத் தலைவர் முராரி ராவின் குதிரைப்படையும், தஞ்சை, புதுக்கோட்டைப் படைகளும் அதே அணியில் சேர்ந்தன. 1751இல் ராபர்ட் கிளைவு ஆர்க்காட்டைப் பிடித்து முற்றுகைப் படையின் ஒரு பகுதியை அங்கே ஈர்த்தார். 1752 ஜூனில் திருவரங்கத்திலிருந்த பிரெஞ்சுப் படை சரணடைந்தது. தஞ்சைத் தளபதியிடம் அகப்பட்ட சந்தா சாகிபு கொல்லப்பட்டார். பொதுப்பகை ஒழிந்தது.

அந்த நாளிலேயே கூட்டணியின் முடிவும் தொடங்கியது. நஞ்சராசர் வாக்களித்தபடி கோட்டையைக் கேட்டபோது, நவாபு முதலில் இரண்டு மாத அவகாசம் கேட்டார். அதுவரை திருவரங்கத்தின் வருவாயை மைசூருக்கு விட்டுக்கொடுத்தார். பின்னர் கோட்டையைத் தர இயலாது என்பது வெளிப்படையாயிற்று. நெருக்கடியில் அளித்த வாக்கு தம்மைக் கட்டுப்படுத்தாது என்று நவாபு கருத, அந்த வாக்குக்காகவே தம் கருவூலத்தைச் செலவழித்தவர் நஞ்சராசர். இந்த உடன்படிக்கையில் தமக்குப் பங்கில்லை என்று ஆங்கிலேயர் ஒதுங்கினாலும், கோட்டைக்குள் இருந்த காவற்படை அவர்களுடையது. திருச்சிராப்பள்ளி மைசூரின் கைக்குப் போவதை அவர்கள் விரும்பவும் இல்லை. ஆகவே நடுநிலை என்று சொல்லப்பட்ட நிலை உண்மையில் நவாபின் பக்கமாகவே முடிந்தது.

புதுச்சேரியிலிருந்த ஆளுநர் தூப்ளே இந்தப் பிளவைப் பயன்படுத்திக்கொள்ளத் தவறவில்லை. 1753க்குள் மைசூரும் முராரி ராவும் பிரெஞ்சு அணிக்கு மாற, ஓராண்டுக்கு முன் எந்தக் கோட்டையைக் காக்க வந்தார்களோ அதே கோட்டையை முற்றுகையிடுபவர்களாக ஆனார்கள். இசுட்ரிஞ்சர் லாரன்சு தலைமையில் ஆங்கிலப் படை அம்முற்றுகையைத் தாக்குப்பிடித்தது. 1754இல் தூப்ளே திரும்ப அழைக்கப்பட, அவருக்குப் பின் வந்த கோதே ஆங்கிலேயருடன் போர்நிறுத்தம் செய்துகொண்டபோது, மைசூரின் உரிமையைப் பற்றி இரு ஐரோப்பியக் கும்பினிகளும் கவலைப்படவில்லை. 1755இல் பிரெஞ்சுத் தளபதி புஸ்ஸி உடன்வர நிசாம் சலாபத் சங் சீரங்கப்பட்டணத்தை நோக்கி வந்து திறை கேட்க, நஞ்சராசர் திருச்சிராப்பள்ளியை விட்டு வெறுங்கையுடன் நாடு திரும்பினார். பழைய துணைவர் ஏமாற்றினார். புதிய துணைவர் திறை கேட்க வந்தவரோடு சேர்ந்து வந்தார்.

இந்தத் தோல்வியின் விளைவு அதோடு நிற்கவில்லை. போர்ச்செலவால் மைசூரின் கருவூலம் வற்றி, சம்பளப் பாக்கிக்காகப் படைவீரர் கிளர்ந்தெழுந்தபோது, அதைத் தீர்த்துவைத்துப் படையின் நம்பிக்கையைப் பெற்றவர், திருச்சிராப்பள்ளிப் போரில் பணியாற்றிப் பின் திண்டுக்கல்லின் பௌசுதாராக, அதாவது படைப்பொறுப்பாளராக, அமர்த்தப்பட்ட ஐதர் அலி. ஐரோப்பியப் போர்முறையை அருகிலிருந்து கண்டறிந்த அவர் திண்டுக்கல்லில் பிரெஞ்சுக் கைவினைஞரைக் கொண்டு பீரங்கித் தொழிற்கூடம் அமைத்தார். 1761இல் மைசூரின் அதிகாரம் முழுவதும் அவர் கைக்கு வந்தது. காப்பாற்றப்படாத ஒரு வாக்குறுதி, ஆங்கிலேயருக்குத் தென்னகத்தில் மிக வலிய எதிரி எழுவதற்கான சூழலையே உருவாக்கிவிட்டது.

பெண்ணையாற்றுப் படுகையில் உலகப்போர்

1756 முதல் 1763 வரை நடந்த ஏழாண்டுப் போர் ஐரோப்பா, வட அமெரிக்கா, மேற்கிந்தியத் தீவுகள், ஆப்பிரிக்கா, இந்தியா ஆகிய பகுதிகளில் ஒரே காலத்தில் நடந்ததால், அதை உலகப்போர் என்றே கருதும் வரலாற்றறிஞரும் உண்டு. அப்போரின் ஓர் அரங்கம் இன்றைய கள்ளக்குறிச்சி மாவட்டம். 1760 ஜனவரி 22ஆம் நாள் வந்தவாசியில் தோற்ற பிரெஞ்சுத் தளபதி லாலி, புதுச்சேரியைக் காப்பதற்கு வேறு வழியின்றி அவ்வாண்டில் மைசூருடன் உடன்படிக்கை செய்துகொண்டார். மைசூர் படையும் உணவுக்கான கால்நடைகளும் அனுப்ப, அதற்கு ஈடாகத் தியாகதுருக்கம் கோட்டை மைசூரின் கையில் ஒப்படைக்கப்பட்டது. ஐதரின் மைத்துனர் மக்தூம் அலியின் தலைமையில் வந்த படை 1760 ஜூலையில் பண்ணுருட்டிக்கு அருகிலுள்ள திருவதிகையில் ஆங்கிலப் படைப்பிரிவு ஒன்றைத் தோற்கடித்தது. எனினும் சீரங்கப்பட்டணத்தில் ஐதருக்கு எதிராக அரண்மனைக் கலகம் மூண்டதால் அப்படை திரும்ப அழைக்கப்பட்டது. 1761 ஜனவரி 16ஆம் நாள் புதுச்சேரி வீழ்ந்தது. அதனைத் தொடர்ந்து தியாகதுருக்கமும் செஞ்சியும் ஆங்கிலேயர் வசமாயின.

இவ்வாறு நட்பு ஓலையில் விலையாகக் குறிக்கப்பட்ட ஊர்களின் மக்களை எந்தத் தரப்பும் கேட்டதில்லை. புதுச்சேரியில் துபாசாக, அதாவது மொழிபெயர்ப்பாளரும் வணிக இடையாளருமாக, இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை 1736 முதல் தமிழில் எழுதிவந்த நாட்குறிப்பு, அரசுகள் நாள்தோறும் தம் நட்பை எவ்வாறு அளந்து விலைபேசின என்பதைத் தமிழர் ஒருவரின் கண்ணால் காட்டுவதனால், இக்காலத்தை அறிய விரும்புவோர்க்கு அது இன்றியமையாத ஆவணம்.

எழுதப்பட்டும் காக்கப்படாத உடன்படிக்கை

பிரெஞ்சுக்காரர் என்னும் இடைத்தடை நீங்கியதும் ஆங்கிலேயரும் மைசூரும் நேருக்கு நேர் நின்றனர். 1767இல் முதல் மைசூர்ப் போர் தொடங்கியபோது ஆங்கிலேயரோடு இருந்த நிசாம் அலி, போர் தொடங்கிய சில மாதங்களுக்குள் ஐதரோடு சேர்ந்து, மறு ஆண்டே மீண்டும் ஆங்கிலேயரிடம் திரும்பினார். 1767 செப்டம்பர் 3ஆம் நாள் செங்கம் கணவாயிலும், 26ஆம் நாள் திருவண்ணாமலையிலும் கர்னல் சோசப்பு சுமித்தின் படை அக்கூட்டுப்படையோடு மோதியது. இருந்தும் 1769இல் ஐதரின் குதிரைப்படை சென்னையின் வாயிலை எட்டியதால், அவ்வாண்டு ஏப்ரலில் சென்னை உடன்படிக்கை கையெழுத்தாயிற்று. பிடித்த இடங்களைத் திருப்பித் தருவது அதன் ஒரு பகுதி. ஒருவர் தாக்கப்பட்டால் மற்றவர் உதவுவது மற்றொரு பகுதி. பகைவர் இருவரும் மீண்டும் துணைவராயினர்.

ஆனால் 1770 முதல் 1772 வரை பேசுவா மாதவராவின் மராட்டியப் படை மைசூரைத் தாக்கியபோது, ஐதர் கேட்ட உதவியை ஆங்கிலேயர் அனுப்பவில்லை. மராட்டியரைப் பகைத்துக்கொள்ள அஞ்சியதும், மைசூர் மேலும் வலிமை பெறுவதை விரும்பாததும் அதன் காரணங்கள். திருச்சிராப்பள்ளியில் மறைவாக அளித்த வாக்குறுதி மீறப்பட்டது. சென்னையில் வெளிப்படையாக எழுதிக் கையெழுத்திட்ட வாக்குறுதியும் மீறப்பட்டது. 1779இல் ஐதரின் காப்பிலிருந்த பிரெஞ்சுத் துறைமுகமான மாகேயை ஆங்கிலேயர் கைப்பற்றியது கடைசிப் பொறியாயிற்று. 1780 ஜூலையில் ஐதரின் பெரும்படை செங்கம் கணவாய் வழியாகச் சமவெளியில் இறங்கியது. செப்டம்பர் 10ஆம் நாள் காஞ்சிபுரத்துக்கு அருகிலுள்ள பொள்ளிலூரில் கர்னல் பெய்லியின் படை அழிந்தது. அடுத்த ஆண்டுகளில் ஆர்க்காட்டுச் சீமையின் வயல்கள் தரிசாகிப் பஞ்சம் பரவியது. பகைவனுக்கு உணவு கிடைக்கக் கூடாது என்பதற்காகப் பயிரையும் ஏரியையும் அழிப்பது அக்காலப் போர்முறையின் ஒரு கூறு ஆதலால், அதன் முழுச்சுமையும் உழவர் மேல் விழுந்தது.

1790இல் அரங்கம் மறுபடியும் மாறியது. ஐதருக்குப் பின் மைசூரை ஆண்ட அவருடைய மகன் திப்பு சுல்தானுக்கு எதிராக ஆங்கிலேயர், நிசாம், மராட்டியர் ஆகிய மூவரும் சேர்ந்தனர். அவ்வாண்டு சமவெளிக்கு இறங்கிய திப்பு தியாகதுருக்கத்தைத் தாக்க, கேப்டன் பிளின்ட் அதனைக் காத்துநின்றார். 1792இன் சீரங்கப்பட்டண உடன்படிக்கையால் மைசூரின் பாதி நிலத்தை மூவரும் பங்கிட்டுக்கொண்டனர். மூன்றே ஆண்டுகளில், 1795 மார்ச்சில், கர்தா என்னுமிடத்தில் மராட்டியர் நிசாமைத் தாக்கி வென்றனர். ஆங்கிலேயர் ஒதுங்கி நின்றனர். 1799இல் திப்பு வீழ்ந்தபின், 1803இல் ஆங்கிலேயரும் மராட்டியரும் மோதினர். இத்தொடரின் தொடக்கத்தில் காப்பாற்றப்பட்டவரான முகமது அலியின் வழியினரும் தப்பவில்லை. போர்க்கடனால் கும்பினிக்குக் கட்டுப்பட்ட அந்த அரசு 1801இல் இணைத்துக்கொள்ளப்பட்டது. முதற்போரில் எந்த நவாபுக்காகப் படை திரட்டப்பட்டதோ அவருடைய ஆட்சியே இறுதியில் வெற்றியின் செலவுக்கணக்கில் எழுதப்பட்டது.

1945: பெரிய அளவில் அதே நிகழ்ச்சி

இத்தொடரின் உள்ளமைப்பை அறிந்தவர்க்கு இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி முற்றிலும் புதியதாகத் தோன்றாது. 1945 ஏப்ரல் 25ஆம் நாள் எல்பே ஆற்றங்கரையில் அமெரிக்க வீரரும் சோவியத் வீரரும் கைகுலுக்கியபோது அவர்களைச் சேர்த்துவைத்திருந்தது இட்லரின் செருமனி. இப்போரில் சோவியத் ஒன்றியம் ஏறத்தாழ 2.7 கோடி மக்களை இழந்தது என்று கணக்கிடப்படுகிறது. அத்தனை இழப்புக்குப் பின் தன் மேற்கு எல்லையில் பகைநாடு இருக்கக் கூடாது என்று சோவியத் தலைமை எண்ணியதும், விடுவிக்கப்பட்ட நாடுகளில் தேர்தல் நடக்க வேண்டும் என்று அமெரிக்காவும் பிரிட்டனும் எதிர்பார்த்ததும் ஒரே உடன்படிக்கையின் கீழ் எழுந்தன. 1945 பிப்ரவரியில் யால்டாவில் போலந்துக்கு வாக்களிக்கப்பட்ட கட்டற்ற தேர்தல் என்னும் தொடரை இரு தரப்பும் ஏற்றுக்கொண்டன; ஆனால் அதற்கு ஒவ்வொரு தரப்பும் தனக்கு உகந்த பொருளை வைத்திருந்தது. திருச்சிராப்பள்ளியின் வாக்குறுதியை நவாபு ஒரு பொருளிலும் நஞ்சராசர் மற்றொரு பொருளிலும் கொண்டதற்கும் இதற்கும் வேறுபாடு அளவில்தான் உள்ளது.

திருச்சிராப்பள்ளிக்கு நேரான இடம் பெர்லின். செருமனி நான்கு ஆட்சிப்பகுதிகளாகப் பிரிக்கப்பட, சோவியத் பகுதியின் நடுவில் இருந்த தலைநகரும் நான்காகப் பிரிக்கப்பட்டது. 1948 ஜூன் முதல் 1949 மே வரை சோவியத் ஒன்றியம் மேற்குப் பெர்லினுக்கான தரைவழியை அடைத்தபோது, மேற்கு நாடுகள் வானூர்திகளின் வழியே உணவும் நிலக்கரியும் கொண்டுசென்று அந்நகரைக் காத்தன. மூன்றாண்டுகளுக்கு முன் சேர்ந்து ஆளப் பங்கிட்டுக்கொண்ட நகரத்தில் ஒருவர் முற்றுகையிடுபவராகவும் மற்றவர் காப்பவராகவும் ஆயினர். 1949 ஏப்ரலில் நேட்டோவும், 1955 மேயில் வார்சா ஒப்பந்த அமைப்பும் உருவாக, பிளவு நிலையான படையமைப்பாக உறைந்தது.

வல்லரசு என்று இன்று வழங்கும் கருத்தை 1944இல் தம் நூலில் வரையறுத்த அமெரிக்க அறிஞர் வில்லியம் பாக்சு, அமெரிக்கா, சோவியத் ஒன்றியம், பிரிட்டன் ஆகிய மூன்றையும் அவ்வகையில் எண்ணினார். பிரிட்டன் விரைவில் அவ்வரிசையிலிருந்து நீங்கியது. எஞ்சிய இரண்டுக்கும் இடையே நேரடிப் போர் மூளாமல் நீடித்த பகைமையையே தமிழில் பனிப்போர் என்றும் கெடுபிடிப்போர் என்றும் வழங்குகின்றனர். அது நேரடிப் போராகாமல் தடுத்ததில் அணுகுண்டுக்குப் பெரும் பங்குண்டு. 1945 ஜூலையில் அமெரிக்காவும் 1949 ஆகஸ்டில் சோவியத் ஒன்றியமும் அணுகுண்டைச் சோதித்தபின், வெற்றி என்ற சொல்லே பொருளிழந்தது. ஐதர் காலத்துப் பகைமைக்கு இல்லாத இந்தத் தடை, பெருநாடுகளைக் காத்தபோதும், கொரியா, வியட்நாம் போன்ற நிலங்களைக் காக்கவில்லை. தியாகதுருக்கத்தின் பங்கு அந்நாடுகளுக்கு நேர்ந்தது.

பிளவின் காரணங்கள்

இந்நிகழ்ச்சிகளை ஒன்றோடொன்று வைத்துப் பார்க்கும்போது, கூட்டணி உடைவதற்குத் துணைவரின் தீயகுணம் முதற்காரணம் என்று கொள்வது பொருந்தாது. பொதுப்பகை இருக்கும்வரை, வென்ற பொருள் யாருக்கு என்ற வினாவைத் தள்ளிவைப்பது எல்லோருக்கும் வசதியாக இருக்கிறது. அதைத் தெளிவாகக் கேட்டால் துணை கிடைக்காமற் போகலாம் என்ற அச்சத்தினால் சொற்கள் வேண்டுமென்றே தளர்வாக விடப்படுகின்றன. பகை நீங்கியதும் அந்தத் தளர்ந்த சொல்லின் மேல் முழுப்பாரமும் விழுகிறது. அதே நாளில், இதுவரை பகைவனை நோக்கியிருந்த துணைவனின் படைபலம் எந்தப் பக்கம் திரும்பும் என்ற ஐயமும் எழுகிறது. தன்னைக் காப்பதற்காக ஒருவர் செய்யும் ஏற்பாடு மற்றவர்க்குத் தாக்குதலுக்கான ஏற்பாடாகத் தோன்றுகிறது. அரசியல் நூலார் இதனைப் பாதுகாப்புச் சிக்கல் என்பர். இவ்விரண்டும் சேரும்போது நல்லெண்ணம் உடையவரும் பகைமைக்கு இழுக்கப்படுகின்றனர்.

எழுத்தில் தெளிவு இருந்தால் மட்டும் போதுமா என்றால், 1769இன் சென்னை உடன்படிக்கை போதாது என்று சான்று பகர்கிறது. அது தெளிவாகவே எழுதப்பட்டது. ஆனால் அதைக் காப்பதில் ஆங்கிலேயருக்குத் தொடர்ந்த நலன் எதுவும் இல்லை. பகைவனின் நிழலில் மட்டும் நிற்கும் நட்பு அந்நிழலோடு மறைகிறது; நாள்தோறும் சேர்ந்து செய்ய வேண்டிய ஒரு பணியின் மேல் நிற்கும் நட்பு அவ்வாறு மறைவதில்லை. இதற்கு மறுதலையான சான்றும் உண்டு. மூன்று பெரும்போர்களில் ஒருவரையொருவர் அழித்த பிரான்சும் செருமனியும், வேறு நான்கு நாடுகளோடு சேர்ந்து, 1951இல் நிலக்கரியையும் எஃகையும் பொது நிருவாகத்தின் கீழ் வைத்துக்கொள்ள உடன்பட்டன. அதன்பின் அவ்விரு நாடுகளுக்கும் இடையே போர் நிகழவில்லை. துணைவர் பகைவராவதற்கு எந்த வினா காரணமோ, அதே வினாவுக்கு, அதாவது பொருள் யாருக்கு, எவ்வளவு, யார் மேற்பார்வையில் என்பதற்கு, அமைதிக்காலத்திலேயே விடை கண்டதனால் பகைவர் துணைவராயினர்.

பெண்ணையாறு கற்பிப்பது

திருக்கோவிலூரைத் தழுவி ஓடும் தென்பெண்ணை, முன்னாள் மைசூர் நாட்டின் நந்திமலையில் தோன்றி, கிருட்டிணகிரியையும் சாத்தனூரையும் கடந்து இவ்வூருக்கு வருகிறது. ஐதரும் திப்புவும் இறங்கிவந்த சமவெளிக்கு மேற்கே இருந்து நீரும் வந்துகொண்டேதான் இருந்தது. பிற்காலத்தில் சென்னை மாகாணமும் மைசூரும் 1892இல் செய்துகொண்ட ஒப்பந்தம் இந்த ஆற்றையும் உள்ளடக்கியது. அதன் பொருள் குறித்து இரு மாநிலங்களுக்கும் இடையே இன்றும் வழக்கு உண்டு. ஆயினும் அவ்வழக்கு கோட்டை வாயிலில் நடக்கவில்லை; நீதிமன்றத்திலும் பேச்சுமேசையிலும் நடக்கிறது. இருநூறு ஆண்டுகளில் இந்நிலம் அடைந்த முன்னேற்றத்தை இதைவிடத் தெளிவாகக் காட்டக்கூடியது வேறில்லை.

பெரிய அரசுகள் துணை தேடும் காலங்களில் அவற்றின் நடுவே வாழும் மக்கள் கேட்க வேண்டிய வினா ஒன்றே. இந்தப் பகை நீங்கியபின் நம் நிலத்துக்கும் நீருக்கும் விளைச்சலுக்கும் உரியவர் யார் என்று எந்த ஓலையில் எழுதப்பட்டிருக்கிறது, அதைக் காப்பதில் யாருக்கு நாள்தோறும் நலன் இருக்கிறது என்பதே அது. 1752இல் காவிரிக்கரையில் அவ்வினாவைக் கேட்பதற்கு ஊரார்க்கு இடம் இருந்ததில்லை. இன்று வாக்குரிமையும் நீதிமன்றமும் அவ்விடத்தை அளித்திருக்கின்றன. கேட்கும் கடமை மட்டுமே எஞ்சியிருக்கிறது.